திறந்தவெளிக் குடை: உங்கள் இடத்துக்கு எத்தனை அடி சரி?

வெயில் குடை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மேசையை மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போகிறார்கள். மேசையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றை வாங்கி நிறுத்தினால் உச்சிப்பொழுதில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மாலை நான்கு மணிக்குப் பாதி மேசை வெயிலில் கிடக்கும். குடை சிறியதாகிவிட்டது என்று நினைத்து அடுத்த அளவுக்கு மாறினாலும் பெரிய மாற்றம் இருக்காது. நிழல் குடைக்கு நேர் கீழே நிற்பதில்லை. சூரியன் சாயச் சாய அது எதிர்த் திசையில் விலகிப் போகிறது. எவ்வளவு விலகும் என்பதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரு குச்சியும் அளவு நாடாவும் போதும்.

கீழே அளவுகளை அடியில் கொடுத்திருக்கிறோம். ஓர் அடி என்பது சுமார் 30 சென்டிமீட்டர்.

முதலில்: எந்த நேரம், யாருக்கு நிழல்?

"முற்றத்துக்கு நிழல் வேண்டும்" என்பது அளவெடுக்க உதவாத தேவை. காலைக் காப்பிக்கா, மதியச் சாப்பாட்டுக்கா, மாலையில் குழந்தைகள் விளையாடவா என்று பிரித்துப் பாருங்கள். மதியம் 12 முதல் 2 வரை மட்டும் என்றால் வேலை சுலபம். அந்த நேரத்துச் சூரியன் உயரத்தில் இருக்கும், நிழலும் அதிகம் நகராது. காலை 9க்கு முன்பும் மாலை 4க்குப் பின்பும் வேண்டுமென்றால் குடையின் அகலத்தைவிட அதன் சாயும் வசதியும் தண்டு நிற்கும் இடமும்தான் முடிவு செய்யும்.

அடுத்தது, நிழல் எதன் மேல் விழ வேண்டும்? நான்கு நாற்காலி போட்ட வட்ட மேசைக்கும், காலை நீட்டிப் படுக்கும் சாய்வு நாற்காலிக்கும், எல் வடிவ சோபாவுக்கும் தேவை வேறு வேறு. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அளவு நாடாவை எடுங்கள்.

அளக்க வேண்டியவை

தரையின் நீள அகலம். மேசையின் நீள அகலம் அல்லது விட்டம். மேசையின் உயரம், சாப்பாட்டு மேசை பொதுவாக இரண்டரை அடி இருக்கும். நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது மேசை விளிம்பிலிருந்து நாற்காலி முதுகு வரை உள்ள தூரம். பிறகு மேலே பாருங்கள்: கூரை விளிம்பு, மழைநீர்க் குழாய், மரக்கிளை, துணிக்கொடி, மின்கம்பி, சுவரில் மாட்டிய விளக்கு. குடை நிற்கப் போகும் புள்ளியிலிருந்து இவை ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்கம்பி அருகில் போகும் இடம் என்றால் வேறு இடம் பாருங்கள். அங்கே அளவைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

சன்னல், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் சன்னல் குடைத் துணியைக் கிழிப்பது எளிதில் தவிர்க்கக்கூடிய சேதம்.

மேசையோடு நான்கு அடி

எல்லோரும் சொல்லும் கணக்கு இது: மேசையின் அகலத்தோடு பக்கத்துக்கு இரண்டடி வீதம் நான்கு அடி கூட்டினால் குடையின் அகலம். இதற்குக் காரணம் உண்டு. மேசையருகே உட்கார்ந்தவரின் முதுகு விளிம்பிலிருந்து சுமார் ஒன்றரை அடியில் இருக்கும், நாற்காலி முதுகு இரண்டடியில் வரும். சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போது ஆள் முழுவதும் நிழலுக்குள் அடங்குவதற்கு அந்த இரண்டடி தேவை. மழைக்கும் அதே கணக்குத்தான்: குடை விளிம்பு நாற்காலி முதுகைத் தாண்டாவிட்டால் சொட்டும் நீர் நேராக முதுகில் விழும்.

இந்தக் கணக்குப்படி 3 அடி வட்ட மேசைக்கு 7 அடி, 4 அடி மேசைக்கு 8 அடி, 5 அடி மேசைக்கு 9 அடி வருகிறது. 6க்கு 3 அடி செவ்வக மேசைக்கு 10க்கு 7. கடையில் 6, 7½, 9, 10, 11, 13 அடிக் குடைகள் பரவலாகக் கிடைக்கும்; செவ்வகத்தில் 10க்கு 6½ அடி சாதாரணமாகக் கிடைக்கும். கணக்கில் வந்த எண்ணைவிட ஒரு படி மேலே உள்ள அளவை எடுப்பது நல்லது. ஏன் என்பது குடையில் ஒட்டியிருக்கும் அளவுச் சீட்டில் உள்ள எண்ணைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

ஆனால் இந்தக் கணக்கு உச்சி வெயிலுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறந்துவிடக்கூடாது. மற்ற நேரங்களுக்குக் குச்சிதான் பதில் சொல்லும்.

குச்சிச் சோதனை

நான்கரை அடி நீளமுள்ள நேரான குச்சி ஒன்று, சுண்ணக்கட்டி, குடையின் பாதி அகல நீளத்துக்கு வெட்டிய கயிறு. இவ்வளவுதான் கருவி.

ஏன் நான்கரை அடி? விரித்த குடையின் விளிம்பு தரையிலிருந்து சுமார் 7 அடியில் இருக்கும். மேசைப் பலகை இரண்டரை அடியில். இடையில் நான்கரை அடி. குடை விளிம்பிலிருந்து மேசை மட்டத்துக்கு வருவதற்குள் நிழல் எவ்வளவு நகர்கிறதோ, அதே அளவுதான் இந்தக் குச்சியின் நிழலும் தரையில் நீளும். சாய்வு நாற்காலிக்கு நிழல் பார்க்கிறீர்கள் என்றால் ஆறடிக் குச்சி எடுங்கள், ஏனென்றால் படுப்பவர் தரையிலிருந்து ஓரடி உயரத்தில்தான் இருப்பார்.

செய்முறை இது. நீங்கள் உட்காரப் போகும் நேரங்களில் மிகவும் தொல்லையான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அது கடைசி நேரமாக இருக்கும். தண்டு நிற்கப் போகும் புள்ளியில் குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். நூலில் கட்டிய கல் ஒன்றைத் தொங்கவிட்டு நேராக இருக்கிறதா என்று சரிபாருங்கள். குச்சி நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியை மையமாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். மேசை மட்டத்தில் அந்த நேரத்தில் நிழல் விழப் போகும் இடம் அந்த வட்டம்தான். மேசையின் எல்லையையும் நாற்காலிகளையும் தரையில் வரைந்துவிட்டால், எந்த நாற்காலி வெயிலில் மாட்டும் என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். சதுரக் குடை வாங்குவதாக இருந்தால் வட்டத்துக்குப் பதில் சதுரம் வரையுங்கள்.

இதையே ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று முறை செய்தால் நிழல் போகும் பாதை கிடைத்துவிடும். மேகமில்லாத நாளாகவும், குடையை அதிகம் பயன்படுத்தப் போகும் பருவமாகவும் இருக்கட்டும். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் அதே நான்கு மணியில் சூரியன் நிற்கும் உயரம் வேறு.

எண்ணாகப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். சூரியன் தொடுவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் இருக்கும்போது மேசை மட்டத்தில் நிழல் சுமார் 2.6 அடி நகர்ந்திருக்கும். 45 பாகையில் நான்கரை அடி. 30 பாகையில் ஏறக்குறைய 8 அடி. நடுவில் 45 பாகை என்பதைக் கவனியுங்கள்: குச்சியின் நிழல் குச்சியின் நீளத்துக்குச் சமமாக இருக்கும் நேரம் அது. 9 அடிக் குடையின் பாதி அகலம் நான்கரை அடி. அதாவது அந்த நேரத்தில் நிழலின் விளிம்பு சரியாக மேசையின் நடுவில் வந்து நிற்கும். வெயில் பக்கம் உட்கார்ந்தவருக்குத் துளி நிழலும் இல்லை. 4 அடி மேசைக்கு 9 அடிக் குடை என்ற "சரியான" அளவில் நடப்பது இது.

பெரிய குடையா, சாயும் குடையா, பக்கத் தண்டா?

மேலே சொன்ன நிலையில் 9 அடியை 11 அடியாக மாற்றினால் என்ன ஆகும்? அகலம் 2 அடி கூடினாலும் ஒரு பக்கம் கூடுவது ஓரடிதான். நிழலின் விளிம்பு மேசை நடுவிலிருந்து வெயில் பக்கம் ஓரடி மட்டும் நகரும். அந்த ஓரடிக்காகத் துணியின் பரப்பு ஒன்றரை மடங்காகிறது, காற்று தள்ளும் விசையும் அதே விகிதத்தில் ஏறுகிறது. நல்ல வியாபாரமாகத் தெரியவில்லை.

அதே 9 அடிக் குடையைச் சூரியனை நோக்கி 30 பாகை சாய்த்தால், வெயில் பக்க விளிம்பு கீழே இறங்குவதால் நிழல் சுமார் ஒன்றரை அடி திரும்பி வரும். 4 அடி மேசை கிட்டத்தட்ட முழுதாக மூடிவிடும். ஆக, சாய்ந்த வெயிலுக்கு அளவைக் கூட்டுவதைவிடச் சாய்ப்பது பலன் தரும். இதற்கும் விலை உண்டு. 7 அடியில் இருந்த விளிம்பு அந்தப் பக்கம் நாலேமுக்கால் அடிக்கு வந்துவிடும். உட்கார்ந்திருப்பவருக்குப் பிரச்சினை இல்லை. எழுந்தால் நெற்றியில் கம்பி இடிக்கும். சாய்க்கும் பக்கம் நடைபாதையாகவோ வாசலாகவோ இருந்தால் யோசியுங்கள்.

சாய்க்கும் அமைப்பு சில வகைகளில் வரும். பொத்தானை அழுத்திச் சாய்ப்பது எளிமையானது, ஆனால் மூட்டு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் மட்டுமே சாயும். சூரியன் நகர்ந்தால் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தித் தண்டையே திருப்ப வேண்டும். சுழற்றும் கைப்பிடியைத் தொடர்ந்து சுற்றினால் தானே சாயும் வகை வசதியானது, ஆனால் குடை முழுதாக விரிந்த பிறகுதான் சாயத் தொடங்கும். கழுத்தில் உள்ள வளையத்தைத் திருகிச் சாய்க்கும் வகையில் நினைத்த கோணத்தில் நிறுத்தலாம், ஆனால் கை எட்ட வேண்டும்.

மூன்றாவது வழி பக்கத் தண்டுக் குடை. தண்டு ஓரமாக நிற்க, குடை அதன் கையில் தொங்கும். சுழலும் ரகமாக இருந்தால் நிழல் நகரும் பக்கத்துக்கு எதிராகக் குடையை நகர்த்திக்கொண்டே போகலாம். காலை, மாலை இரண்டு நேரமும் உட்காருபவர்களுக்கும் சோபா போட்டவர்களுக்கும் இதுதான் பொருத்தம். 10 அடிக்குக் குறைவாக வாங்குவதில் பலன் அதிகமில்லை. இது கேட்கும் இடமும் எடையும் மட்டும் வேறு கணக்கு.

சூரியன் 30 பாகைக்குக் கீழே போய்விட்டால் எந்தக் குடையும் உதவாது. எட்டடி தள்ளி விழும் நிழலைத் துரத்துவதற்குப் பதில் அந்தப் பக்கம் ஒரு மூங்கில் திரையோ செங்குத்துத் துணியோ தொங்கவிடுங்கள். 13 அடிக் குடையால் முடியாததை ஆறடித் திரை செய்துவிடும்.

சீட்டில் உள்ள எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்

9 அடி என்று எழுதியிருப்பது பல குடைகளில் நேர் அகலம் அல்ல. ஒரு கம்பியின் நுனியிலிருந்து உச்சி வழியாக எதிர்க் கம்பியின் நுனிவரை துணியின் மேலேயே நாடா வைத்து அளந்த நீளம். குடை கூம்பாக இருப்பதால் தரையில் விழும் அகலம் அதைவிடக் குறைவு. உச்சி விளிம்பைவிட ஒன்றரை அடி உயரமாக இருக்கும் 9 அடிக் குடையின் நேர் அகலம் எட்டரை அடிதான். சரிவு கூடினால் இன்னும் குறையும்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. "வட்டக் குடை" உண்மையில் வட்டமல்ல. எட்டுக் கம்பி என்றால் எண்கோணம், ஆறு கம்பி என்றால் அறுகோணம். கம்பி நுனிகளுக்கு இடையே துணி நேர்கோடாக ஓடுவதால் எண்கோணத்தில் வட்டப் பரப்பின் 90 விழுக்காடுதான் கிடைக்கும், அறுகோணத்தில் 83. எட்டரை அடி நேர் அகலத்தில், கம்பிகளுக்கு நடுவே அளந்தால் எட்டுக் கம்பிக் குடை சுமார் 7.9 அடி, ஆறு கம்பிக் குடை 7.4 அடி. சீட்டில் 9, கையில் ஏழரைக்கும் குறைவு! ஆகவே ஒரே விலையில் இரண்டு இருந்தால் எட்டுக் கம்பி உள்ளதை எடுங்கள். நான்கு அடி கூட்டி வந்த அளவுக்கு மேலே ஒரு படி போகச் சொன்னதும் இதனால்தான்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "விரித்த பிறகு நுனிக்கு நுனி நேர் அகலம் எவ்வளவு?" பதில் தெரியாவிட்டால் கடையில் விரிக்கச் சொல்லி, கீழே நின்று, துணியைத் தொடாமல் நாடாவை நேராக இழுத்து அளந்துகொள்ளுங்கள்.

வடிவம்

இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. மேசையின் வடிவத்தைக் குடை பின்பற்றட்டும். சதுரக் குடை ஒரே அகலத்துக்கு அதிக நிழல் தரும்: 8 அடிச் சதுரம் 64 சதுர அடி; நேர் அகலம் 9 அடி உள்ள எண்கோணம் சுமார் 57. சுவரோரம் ஒட்டி நிறுத்தவும் சதுரமே வசதி. ஆனால் 8 அடிச் சதுரத்தின் மூலைக்கு மூலை 11.3 அடி என்பதால், சுழலும் ரகமாக இருந்தால் மூலை போய் எதில் இடிக்கும் என்று பார்க்க வேண்டும். செவ்வக மேசைக்கு வட்டக் குடை வைத்தால் இரண்டு ஓரத்து நாற்காலிகளும் வெயிலில்தான்.

எட்டடிக்கு மேல் நீளமான மேசை என்றால் ஒரு பெரிய குடையைத் தேடுவதைவிட இரண்டு ஏழரை அடிக் குடைகள் நல்லது. எடை பிரியும், காற்றில் ஒன்றை மடக்கிவிட்டு மற்றொன்றை வைத்திருக்கலாம். இரண்டின் விளிம்புகளுக்கும் இடையே அரையடியாவது விடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று மோதித் துணி கிழியும். இடைவெளி வழியே மழை சொட்டும் என்பதால் அதற்கு நேர் கீழே யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

உயரம்: விரித்தால் எங்கே, மடக்கினால் எங்கே?

விரித்த நிலையில் விளிம்பு ஏழடிக்குக் குறையாமல் இருந்தால் எவரும் குனியாமல் நடக்கலாம். சுவர், கூரை விளிம்பு, கிளை எதுவாக இருந்தாலும் குடை விளிம்பிலிருந்து ஓரடி இடைவெளி வேண்டும். காற்றில் குடை அசையும், துணி உரசிக்கொண்டே இருந்தால் ஒரு பருவத்திலேயே ஓட்டை விழும்.

மடக்கும்போது என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. நடுத்தண்டுக் குடையை மடக்கினால் கம்பிகள் உச்சியிலிருந்து தண்டோடு ஒட்டிக் கீழே தொங்கும். கம்பியின் நீளம் சீட்டில் போட்ட அளவில் பாதி. உச்சியின் உயரத்திலிருந்து அந்தப் பாதியைக் கழித்தால் கம்பி நுனி தரையிலிருந்து எத்தனை அடியில் நிற்கும் என்று தெரிந்துவிடும். உச்சி எட்டரை அடியில் உள்ள 9 அடிக் குடையில் அது 4 அடி. இரண்டரை அடி மேசைக்கு மேலே தாராளமாக இடம் இருக்கிறது. அதே உயரத்தில் 11 அடிக் குடை என்றால் 3 அடி: நாற்காலி முதுகில் தட்டும், மேசை மேலிருக்கும் கண்ணாடிக் குவளையைத் தள்ளிவிடும். 13 அடி என்றால் 2 அடி. மேசை இருக்கும்வரை மடக்கவே முடியாது. பெரிய குடை வாங்கியவர்கள் காற்றடிக்கும்போதும் விரித்தே வைத்திருப்பதற்கும், அப்படியே அது கவிழ்வதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

11 அடிக்கு மேல் வேண்டுமென்றால் உயரமான தண்டு உள்ளதா என்று பாருங்கள், அல்லது பக்கத் தண்டுக்குப் போங்கள். சுழற்றும் கைப்பிடியும் மேசைப் பலகைக்கு மேலே, கை முழுதாகச் சுற்றி வரும்படி இருக்க வேண்டும்.

எடை: அளவின் மறுபாதி

எத்தனை அடி வாங்கலாம் என்பதைப் பல இடங்களில் நிழல் முடிவு செய்வதில்லை, எவ்வளவு எடை வைக்க முடியும் என்பதுதான் முடிவு செய்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். விரித்து நேராக நிற்கும் குடையின் பக்கவாட்டில் காற்றுக்கு அதிகம் பிடி கிடைப்பதில்லை. 30 பாகை சாய்த்துவிட்டால் துணிப் பரப்பில் ஏறக்குறைய பாதி காற்றுக்கு முகம் காட்டும், பாய்மரம் போல. சாய்ந்த நிலையில் கவிழும் குடைகள் அதிகம் என்பதில் வியப்பில்லை. காற்று நாளில் வெயில் சுட்டாலும் சாய்க்காதீர்கள்.

காற்று அதிகம் இல்லாத இடத்துக்குக் குறைந்தபட்சமாக இவற்றைக் கொள்ளலாம். மேசைத் துளை வழியே நிற்கும் ஏழரை அடிக் குடைக்கு 20 முதல் 25 கிலோ ஸ்டாண்டு, 9 அடிக்கு 25 முதல் 30. மேசை இல்லாமல் தனியாக நிற்பதாக இருந்தால் 9 அடிக்கு 35 முதல் 40, 10 அடிக்கு 50, 11 அடிக்கு 60 கிலோவுக்கு மேல். பக்கத் தண்டுக் குடை 10 அடிக்கே 80 முதல் 100 கிலோ கேட்கும். 13 அடிக்கு 120க்கு மேல். தயாரிப்பாளர் கையேட்டில் இதைவிட அதிகம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மொட்டை மாடி, கடலோரம், திறந்த வயல்வெளி என்றால் அடுத்த படி எடைக்குப் போங்கள்.

மேசைக்குள் நிற்கும் குடைக்குக் குறைந்த எடை போதும் என்பதற்குக் காரணம் மேசையே தண்டை இடுப்பில் பிடித்துக்கொள்வது. லேசான பிளாஸ்டிக் மேசை என்றால் அந்தச் சலுகை கிடையாது. குடை மேசையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

உள்ளே நிரப்பும் பிளாஸ்டிக் ஸ்டாண்டு வாங்கினால் எதை நிரப்புகிறீர்கள் என்பது பெரிய வேறுபாடு. 40 லிட்டர் கொள்ளும் ஸ்டாண்டில் நீர் நிரப்பினால் 40 கிலோ. உலர்ந்த மணல் நிரப்பினால் சுமார் 60. நீர் கசியும், ஆவியாகும், உறைபனி விழும் நாடுகளில் உறைந்து ஸ்டாண்டை வெடிக்கவும் வைக்கும். மணலே மேல். புனலில் ஊற்றிக்கொண்டே ஸ்டாண்டைத் தட்டினால் மணல் இறுகி இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

பக்கத் தண்டுக் குடையோடு வரும் சிலுவை வடிவ இரும்புச் சட்டம் தனியாக எதையும் தாங்காது. அதன் நான்கு மூலைகளிலும் கனமான கற்பலகை அடுக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கான்கிரீட் பலகை ஒன்று ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். நான்கு வைத்தால் 120. பெட்டியில் கற்கள் வராது என்பது பலருக்குப் பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிகிறது. சட்டம் தரையில் மூன்றடிக்கு மேல் பரந்து கிடக்கும். நடக்கிற வழியில் வைத்தால் கால் இடறும், ஆகவே சோபாவின் பின்புறமோ செடித்தொட்டி வரிசையிலோ ஒளித்து வையுங்கள்.

எவ்வளவு எடை வைத்தாலும் தரையில் தூசியும் காகிதமும் பறக்கத் தொடங்கிவிட்டால் குடையை மடக்கும் நேரம் வந்துவிட்டது. அது மணிக்குச் சுமார் 20 முதல் 28 கிலோமீட்டர் காற்று. 9 அடியும் அதற்கு மேலும் உள்ள குடைகளில் உச்சியில் காற்றுப் போக்கித் துளை, அதாவது மேலே தொப்பி போல இன்னொரு சிறு துணி உள்ளதாகப் பாருங்கள். கீழிருந்து ஏறும் காற்று அதன் வழியே வெளியேறும், உள்ளே தேங்கும் சூடும் குறையும்.

தண்டும் துளையும்

தண்டுகள் பெரும்பாலும் 38 மில்லிமீட்டர் அல்லது 48 முதல் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் வரும். மேசைத் துளை, ஸ்டாண்டின் குழாய், தண்டு மூன்றும் பொருந்த வேண்டும். 38 மில்லிமீட்டர்த் தண்டை 50 மில்லிமீட்டர்க் குழாயில் இறக்கித் திருகை இறுக்கினால் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். இடையில் பிளாஸ்டிக் வளையம் போடுங்கள். மேசைத் துளையில் ஆட்டம் இருந்தால் கண்ணாடிப் பலகை விரிசல் விடும். அங்கே ரப்பர் வளையம் கட்டாயம். 10 அடியும் அதற்கு மேலும் உள்ள குடையை 38 மில்லிமீட்டர்த் தண்டில் வாங்காமல் இருப்பதே நல்லது.

சில தனி இடங்கள்

பால்கனியில் அகலம் ஐந்தாறு அடிக்கு மேல் இருப்பது அரிது. வட்டக் குடையின் பாதி கைப்பிடிச் சுவருக்கு வெளியே போய்விடும். ஒரு பக்கம் தட்டையான அரைக்குடையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் இடம் வீணாகாது. மேல்மாடிகளில் காற்று தரையில் உள்ளதைவிட வேகமாக வீசும், கவிழ்ந்தால் கீழே யார் மேலாவது விழும். கைப்பிடிக் கம்பியில் இறுகப் பிடிக்கும் கொளுக்கியோடு ஸ்டாண்டும் சேர்த்துப் பயன்படுத்துங்கள், இடத்தை விட்டுப் போகும்போதெல்லாம் மடக்கிக் கட்டிவிடுங்கள். 100 கிலோக் கற்களை பால்கனியில் ஏற்றும் எண்ணம் இருந்தால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

நீச்சல் குளத்தோரம் இரண்டு சாய்வு நாற்காலி போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒன்று ஆறரை அடி நீளம், இரண்டேகால் அடி அகலம்; நடுவில் ஒன்றரை அடி விட்டால் மொத்தம் ஆறரைக்கு ஆறு அடி. மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 9 அடி. சீட்டில் 9 என்று எழுதிய குடை இங்கே போதாது. 10 அடி வட்டமோ 8 அடிச் சதுரமோ வேண்டும். வெயில் பொசுக்குவது முகத்தையும் தோளையும்தான் என்று முடிவு செய்தால் ஏழரை அடிக் குடையைத் தலைமாட்டில் வைத்துச் சமாளிக்கலாம்.

சிறிய இடத்தில் பெரிய குடை வைக்கும் ஆசை வரும். 10க்கு 10 அடித் தளத்தில் 10 அடிக் குடை தாளில் பொருந்தும். சுவருக்கு விட வேண்டிய ஓரடியைக் கழித்தால் பொருந்தாது. அங்கே எட்டடிச் சதுரமே எல்லை.

வீட்டுக்கு வந்தவுடன்

பெட்டியைக் கிழித்துப் போடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். குடையைக் காற்றில்லாத நேரத்தில், ஸ்டாண்டு முழு எடையோடு இருக்கும்போது விரியுங்கள். வெற்று ஸ்டாண்டில் "சும்மா பார்க்கலாம்" என்று விரிப்பதே முதல் நாளில் கம்பி உடைய வழி. நேர் அகலத்தை அளந்து சீட்டோடு ஒப்பிடுங்கள். முழுதாக மடக்கி, நாற்காலிகள் போட்ட நிலையில் கம்பி நுனி எதிலாவது தட்டுகிறதா என்று பாருங்கள். எல்லாப் பக்கமும் சாய்த்து, பக்கத் தண்டு என்றால் முழுச் சுற்றும் சுழற்றி, சுவரோ கிளையோ தடுக்கிறதா என்று பாருங்கள். குச்சியால் குறித்த நேரத்தில் மேசை மட்டத்தில் நிழல் சுண்ணக்கட்டி வட்டத்துக்கு நேர் மேலே விழுகிறதா என்று ஒருமுறை சரிபார்த்து, வேண்டுமானால் ஸ்டாண்டை ஓரடி வெயில் பக்கம் தள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இவற்றை முடித்துவிட்டால் அளவு தப்பியிருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம்.